ஈறில் கசியும் ரத்தமும் ஏறும் சர்க்கரையும்

பல் துலக்கித் துப்பும்போது வாஷ்பேசினில் லேசான சிவப்பு. பிரஷ் பட்டிருக்கும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறோம். உள்ளங்கையில் தினமும் இப்படிக் கசிந்தால் சும்மா இருப்போமா?

நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மிகாத ஒரு பள்ளம் உண்டு. அதில் படியும் பாக்டீரியாப் படலம் நாளடைவில் கெட்டிப்பட்டுக் காரையாகும். ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகும். பள்ளம் 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாகும். பையின் உட்புறம் முழுக்கப் புண். ஆனால் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் வருஷக்கணக்கில் தெரியாமலே கிடக்கிறது.

மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியே கிருமிகள் ரத்தத்தில் நுழைகின்றன. அவற்றை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளை அணுக்கள் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. சர்க்கரைக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தசை செல்லின் வெளிப்புறத்தில் இன்சுலின் வந்து ஒட்டியதும், அந்தச் செய்தியை ஐஆர்எஸ் 1 என்ற புரதம் உள்ளே கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் குளுக்கோஸுக்கு வழி திறக்கும். அழற்சிப் புரதங்கள் இந்தத் தூதனையே முடக்குகின்றன. இன்சுலின் இருக்கும், அதன் பேச்சு எடுபடாது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொண்டு அழற்சியைக் கிளறுகிறது, ஈறின் புண் ஆறவிடாமல் செய்கிறது, பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறது.

சரி, ஈறைக் குணப்படுத்தினால் சர்க்கரை இறங்குமா? லண்டனில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 264 பேரிடம் இதைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் செய்தார்கள். மற்றவர்களுக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும். 12 மாதம் கழித்து முதல் பிரிவினரின் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் அளவு, மற்றவர்களைவிட 0.6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. கூடுதலாக ஒரு மாத்திரை தரும் பலனுக்கு இது ஏறக்குறைய ஈடு. எல்லா ஆய்விலும் இவ்வளவு இறங்கவில்லை. அமெரிக்காவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மாற்றமே இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் ஓடாதீர்கள்; இரண்டும் வேண்டும்.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற பயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைக் காரைதான் சிமென்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் கண், சிறுநீரகம், பாதம் பார்க்கும்போது ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் மெதுவாக இறக்கி அளப்பார்கள். புகைபிடிப்பவர்கள் இதை அவசியம் செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாகக் கசியாது.