மாறிலி: எதற்குள் மாறாது?

அறிவிலி என்று யாராவது திட்டினால் கோபம் வருகிறது, மாறிலி என்றால் கணக்கு வகுப்பு ஞாபகம் வருகிறது. இரண்டுக்கும் வால் ஒன்றுதான். 'இலி' என்றால் இல்லாதது. அறிவு இல்லாதவர் அறிவிலி, முடிவு இல்லாதது முடிவிலி, மாறுதல் இல்லாதது மாறிலி. மதிப்பு மாறிக்கொண்டே இருந்தால் அது மாறி. சொல் என்னவோ சுலபம்தான், ஆனால் எதற்குள் மாறாது என்று கேட்டால்தான் சிக்கல்.

ஒரு சுருள்வில்லில் 100 கிராம் தொங்கவிடுகிறீர்கள், 2 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிராமுக்கு 4, 300 கிராமுக்கு 6. எடையும் மாறுகிறது, நீட்சியும் மாறுகிறது, ஆனால் ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் கிடைப்பது மட்டும் அப்படியே நிற்கிறது. அதுதான் வில் மாறிலி. சரி, வேறொரு வில்லை மாட்டுங்கள், வேறு எண் வரும். அதே வில்லை அளவுக்கு மீறி இழுத்துவிட்டாலோ, அது பழைய நீளத்துக்குத் திரும்பாது, அந்தக் கணக்கும் போச்சு.

பள்ளியில் 9.8 என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் புவியீர்ப்பு முடுக்கம்கூட, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர்/நொடி கூடுகிறது என்ற அளவுகூட, மாறிலி இல்லை. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவத்தில் 9.83.

ஒளியின் வேகம் அப்படியல்ல. வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர், எங்கே அளந்தாலும் அதேதான். அதில் புள்ளிக்குப் பின்னால் எதுவுமே இல்லாததற்குக் காரணம் இயற்கையின் கருணை இல்லை, 1983-இல் மீட்டரையே அந்த எண்ணை வைத்து வரையறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இனி யாராவது ஒளியின் வேகத்தை அளக்கப் போனால், உண்மையில் சரிபார்ப்பது தன் அளவுகோலைத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிலோகிராம் கதை. 1889 முதல் ஒரு கிலோ என்பது பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை. அதன் நகல்களை நூறாண்டு கழித்து ஒப்பிட்டால், ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வரை வித்தியாசம். நகல் கனத்ததா, மூலம் இளைத்ததா? சொல்ல வழியே இல்லை, ஏனென்றால் அந்த உருளை எப்படி இருந்தாலும் அதுதான் ஒரு கிலோ! கடைசியில் 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற, குவாண்டம் இயற்பியலின் அடிப்படை மாறிலிக்கு ஒரு நிலையான மதிப்பைக் கொடுத்து, கிலோவை அதோடு கட்டிவிட்டார்கள். உருளையின் நிறையை இப்போது மற்ற பொருளைப் போல அளந்துதான் சொல்ல வேண்டும், பிழை வரம்போடு.