பிறசர்: குருதி அமுக்கமா, பதகளிப்பா?

பெரியம்மாவின் கிளினிக் கொப்பிக்குள்ளிருந்து மூன்று கடதாசி உறைகள் விழுந்தன. மாதக் குளிசை முடிந்திருக்க வேண்டிய நாள் அது. எண்ணிப் பார்த்தேன். ஓர் உறையில் மட்டும் பத்தொன்பது மிச்சம்.

"பிறசர் வந்த நாளில் தவறாமல் போட்டிருக்கிறேன், பிள்ளை" என்றார்.

வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். மகனின் யோசனை வந்தால் இரவெல்லாம் நித்திரை இல்லை. அதுதானே பிறசர்?"

அன்று காலை மனம் ஆறி, பேரப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டுதான் கிளினிக்குக்கு வந்திருந்தார். கையில் பட்டி கட்டி அளந்தபோது 168க்கு 96.

பிழை பெரியம்மாவில் இல்லை, சொல்லில் இருக்கிறது. வன்னியில், மாங்குளத்தில் கேட்டாலும் முள்ளியவளையில் கேட்டாலும் 'பிறசர்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகளைப் போட்டு முடிந்து வைத்திருக்கிறோம். ஒன்று கருவியால் மட்டும் தெரிவது. மற்றது நெஞ்சுக்குத் தெரிவது.

பிறசர் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். அதன் இலத்தீன் வேருக்கு 'அமுக்குதல்' என்று பொருள். நோய்க்கு ஆங்கில மருத்துவம் வைத்த பெயர் ஹைப்பர்டென்ஷன். அதிலுள்ள 'டென்ஷன்' மனக்குழப்பத்தைக் குறிக்கவில்லை. இழுபட்டு விறைத்து நிற்பதுதான் அதன் பழைய பொருள். அந்தச் சொல்லை நாம் வீட்டில் வேறு பொருளில் வழங்குவதால், டென்ஷன் இல்லாதவருக்குப் பிறசரும் இல்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாய் பொருத்தியபோது குருதி எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது என்று எழுதினார். குருதி நாடிச் சுவரை அமுக்கும் விசைதான் அது. இன்று நம் மேற்கையில் கட்டும் காற்றுப் பட்டியை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கொண்டுவந்தார்.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் இரத்த அழுத்தம், நம் இலங்கைப் பாடநூல்களில் குருதி அமுக்கம். இரண்டும் சரியானவையே, ஆனாலும் நான் குருதி அமுக்கத்தின் பக்கம் நிற்கிறேன். 'இரத்தம்' வடமொழி வழி வந்தது. 'குருதி' சங்கச் சொல். 'குரு' என்றால் நிறம் என்கிறது தொல்காப்பியம். குறுந்தொகையின் முதற் பாட்டிலேயே காந்தள் என்ற கார்த்திகைப் பூ 'குருதிப் பூ' ஆகிறது. மழை பெய்தபின் நம் காட்டோர வேலிகளில் படரும் கார்த்திகைப் பூவைப் பார்த்தவருக்கு அந்தச் சிவப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் முதன்மையான காரணம் வேறு. 'மன அழுத்தம்' என்ற வழக்கும் இருப்பதால், 'இரத்த அழுத்தம்' என்றவுடன் மனமும் குருதியும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. 'அமுக்கம்' என்றால் அந்த மயக்கத்துக்கு இடம் குறைவு.

இனி மற்றது. நெஞ்சு படபடத்து, காரணம் பிடிபடாமல் அஞ்சும் நிலைக்கு ஈழத்து உளமருத்துவ எழுத்துகள் 'பதகளிப்பு' என்று பெயர் வைத்திருக்கின்றன. "ஏன் பதகளிக்கிறாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் அதே சொல்தான். பதற்றம், பதைப்பு எல்லாம் இதற்கு உறவு. ('பதட்டம்' பேச்சில் திரிந்த வடிவம், எழுதும்போது பதற்றம்.) ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'அங்ஸைற்றி' என்ற சொல்லின் இலத்தீன் வேரும் 'நெரித்தல், இறுக்குதல்' என்றே பொருள்படுகிறது. "நெஞ்சை அமுக்குகிறது" என்று நம் தாய்மார் சொல்வதும் அதுவே. நம் பேச்சு இரண்டையும் ஒரே சொல்லால் உணர்த்தும்போது, பெயராவது பிரித்துச் சொல்ல வேண்டாமா?

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. பதகளிக்கும்போது அதிரனலின் என்ற ஓமோன் சுரந்து இதயம் விரைகிறது, அமுக்கமும் ஏறுகிறது. மனம் ஆறினால் இறங்கிவிடும். கிளினிக்கைக் கண்டாலே சிலருக்கு ஏறும். அதனால்தான் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் அளக்கவேண்டும். ஒரு நாள் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் வேறொரு நாளிலும் பார்க்கவேண்டும். அப்போதும் 140க்கு 90 அல்லது அதற்கு மேலே நின்றால் அது உயர் குருதி அமுக்கம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பெரியம்மாவின் உறையில் மிஞ்சியது அம்லோடிபின் என்ற குருதி அமுக்க மருந்து. நாள்தோறும் போட்டால் ஒரு கிழமையளவில்தான் அதன் பலன் நிலைபெறும். படபடத்த அன்று ஒன்று போட்டால் படபடப்பும் அடங்காது, அமுக்கமும் கட்டுக்குள் நிற்காது. புரொப்ரனலோல் போன்ற அமுக்க மருந்துகள் அதிரனலினின் வேலையைத் தடுப்பதால் படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கப்படுகின்றன. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பதகளிப்புக்கோ பேசித் தீர்க்கும் உளவளத்துணையும், தேவைப்பட்டால் வேறு வகை மருந்தும் உண்டு.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின் பெரியம்மாவின் மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதை இதுவரை எந்தக் கிளினிக்கிலும் அவர் சொன்னதில்லை. "அது பிறசருக்குள் அடங்கிவிட்டது என்று நினைத்தேன்" என்றார். அன்று வைத்தியரிடம் சொன்னோம். குளிசையை நாள்தோறும் போடச் சொல்லிவிட்டு, மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா அதை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்தார்.

பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அங்கே மகனைப் பற்றிக் கேட்பார்களா, பிள்ளை?"

கேட்பார்கள் என்றேன்.