ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவர் திடீரென்று உளற ஆரம்பித்தால்

“ராத்திரி ஆனா அம்மா வேற ஆளா மாறிடுதாங்க, சிஸ்டர்.” பாளையங்கோட்டை வட்டாரத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியரும் இதை அடிக்கடி கேட்டிருப்பார். மகளோ மருமகளோ குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதில் விழுந்தால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசுவார்களோ என்ற கூச்சம்.

நான் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் செவிலியர். யாருக்கு டியூப் போட்டிருக்கிறது, எத்தனை நாளாகிறது, யார் கை கழுவுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வார்டு வார்டாகப் போவதுதான் வேலை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால், தயவுசெய்து அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். உடம்பில் எங்கேயோ கோளாறு நடக்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பவர் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் கிருமித்தொற்றும் ஒன்று.

மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் என்று பெயர். காய்ச்சலோடு வந்தால் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள் நம் வீடுகளில். மறதி நோய் வருஷக்கணக்கில் பைய வரும். இது சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் குழம்புவார். கவனம் ஓரிடத்தில் நிற்காது. கிழமைகளைச் சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் இரண்டாவதிலேயே தடம் மாறிவிடும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிக்கிறோம். எனக்குக் கவலை அதிகம் தருபவர் சத்தமே இல்லாமல் படுத்திருப்பவர். சாப்பாடு வேண்டாம் என்கிறார், கூப்பிட்டால் பாதிக் கண் திறக்கிறார், மறுபடி சொருகிவிடுகிறார். “இன்னைக்குத் தொந்தரவு இல்லாம தூங்குதாங்க” என்று வீட்டார் நிம்மதியாகச் சொல்வார்கள். டெலிரியத்தில் இப்படி அமைதியாக வரும் வகைதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. பகலெல்லாம் தூங்கி வழியும் பெரியவரைப் பற்றி நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கிருமி மூளைக்குள் போனால்தான் குழப்பம் வரும் என்றில்லை. சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ ஆபரேஷன் புண்ணிலோ தொற்று இருந்தாலே போதும். அதை எதிர்க்க உடம்பு சுரக்கிற சைட்டோகைன் என்ற பொருள்கள் மூளையின் வேலையையும் தடுமாற வைக்கின்றன. வயதான மூளைக்கு, அதிலும் ஏற்கெனவே ஞாபகமறதி தொடங்கிவிட்ட மூளைக்கு, தாங்கும் சக்தி குறைவு. போதாக்குறைக்கு, பெரிய தொற்று இருந்தும் வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டாதபோது, குழப்பம்தான் முதல் அறிகுறியாக வரலாம்.

ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையோரத்துக் கிராமம், காலமெல்லாம் பீடி சுற்றியவர். முற்றத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது போர்வை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுருட்டி மடக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் அத்தனை நேர்த்தியாக ஓடின. இலை, தூள், நூல் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஏட்டி, இலைய நனைச்சியா? கடைக்கு நேரமாச்சு” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மகன், “எண்பது ஆகப்போவுது சிஸ்டர், அதான்” என்றார். கூட இருந்த பெரியம்மா, ஆஸ்பத்திரியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள், மந்திரித்துவிட்டு வரலாம் என்றார். “விபூதி பூசுங்க பெரியம்மா, அதுல ஒண்ணுமில்ல. முதல்ல டாக்டர் பாத்துரட்டும்” என்றேன்.

படுக்கையைச் சுற்றிப் பார்த்தால் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. எக்ஸ்ரே எடுக்கப் போனபோது யூரின் பையைத் தூக்கிக் கால்மாட்டில் மெத்தைமேல் வைத்திருக்கிறார்கள். வார்டுக்குத் திரும்பிய பிறகும் அது அங்கேயே கிடந்தது. பை மூத்திரப்பைக்கு மேலே இருந்தால் உள்ளே நிற்கும் நீர் திரும்ப உடம்புக்குள் போகும். டியூபில் நீர் கலங்கித் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஆச்சி வெளிக்குப் போகவில்லை. அரிப்பு என்று முந்தின ராத்திரி ஏவில் ஊசி போட்டிருந்தார்கள். கண்ணாடி, கட்டிலுக்கு அடியில் மஞ்சப்பைக்குள் இருந்தது. நாடி வேகமாக ஓடியது, மூச்சும் வேகம், இடையிடையே குளிர்நடுக்கம். டாக்டர் ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பி, சர்க்கரையும் சோடியமும் பார்த்து, டியூபை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்கினார். மலச்சிக்கலுக்கும் வழி செய்தோம், கண்ணாடியை எடுத்து மாட்டினோம். சில நாள் கழித்து மகனைப் பார்த்து “சாப்டியாலே?” என்று கேட்டார். கிருமி ஒன்றையே குற்றம் சொல்ல மாட்டேன். இத்தனையும் சேர்ந்துதான் அவரைத் தள்ளிவிட்டன. இதில் ஒவ்வொன்றும் தடுக்கக்கூடியது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

யூரின் டியூபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டியூப் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. படித்துறைப் படியில் பாசி பிடிக்கிற மாதிரி, டியூபின் உள்ளும் புறமும் கிருமிகள் ஒரு வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் எட்டாது. டியூபை எடுப்பதுதான் முதல் வைத்தியம். தொந்தரவு இல்லாமல் இருக்கட்டுமே, அடிக்கடி துணி மாற்ற வேண்டாமே என்று டியூபை விட்டுவைக்கும் வழக்கம் வீட்டாரிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. தினமும் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேளுங்கள்: “இந்த டியூப் இன்னும் வேணுமா சார்?” யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கேள்வியாலேயே சில டியூப்கள் அன்றைக்கே வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். மருந்து ஏற்றக் கையில் போட்ட ஊசிக்குழாய், வென்ஃப்ளானுக்கும் இதே கேள்விதான். அந்த இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஜக்கு. யூரின் பை நிறைந்ததும் அட்டெண்டராக இருக்கும் சொந்தக்காரர் பாத்ரூமில் கிடக்கிற ஜக்கை எடுத்து வந்து பிடிக்கிறார். அதே ஜக்கு அடுத்த படுக்கைக்கும் போகிறது. பையின் குழாய் நுனி ஜக்கில் இடிக்கிறது. பிடித்து ஊற்றிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, இட்லியைப் பிட்டு ஊட்டுகிறார். பாசத்தோடு செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் சிறுநீரில் இருந்த கிருமி நாலு படுக்கைக்குப் போக இந்த ஒரு வழி போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக்கு வேண்டும், குழாய் நுனி எதிலும் படக்கூடாது, பை கட்டிலின் கொக்கியில் தொங்க வேண்டும், தரையில் கிடக்கக்கூடாது. தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும்.

கை கழுவுவதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்கிறது என்பார்கள். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847 மே மாதம், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவியே பிரசவம் பார்க்க வேண்டும் என்றார். ஏப்ரலில் அங்கே நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. இன்றைய நிலையை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது வந்துவிடுகிறது. கட்டிலருகே மாட்டியிருக்கும் ஹேண்ட் ரப் என்ற கை தேய்க்கும் திரவம் எங்களுக்கு மட்டும் உரியதன்று, உங்களுக்கும்தான். உள்ளங்கை நிறைய எடுத்து, கட்டைவிரல், நக இடுக்கு எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி தேய்த்துக் காயவிடுங்கள். கை கண்ணுக்கே அழுக்காகத் தெரிந்தால், வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டிருந்தால், சோப்பும் தண்ணீரும்தான். நான் கை சுத்தம் செய்யாமல் உங்கள் அம்மாவைத் தொட வந்தால் என்னையும் கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் விஷயம் நம் ஊரில் கொஞ்சம் கஷ்டமானது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எட்டு பார்க்காவிட்டால் நாளைக்கு நல்லது கெட்டதில் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் வேன் பிடித்து வந்துவிடுகிறார்கள். வாருங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் இருவராக வாருங்கள், சளி இருமல் இருந்தால் போனில் விசாரியுங்கள், படுக்கைமேல் உட்காராதீர்கள்.

சரி, குழப்பம் வந்தால் எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக்தானா? இல்லை. டியூப் போட்ட பெரியவர்களின் சிறுநீரில், தொற்று இல்லாமலே கல்ச்சரில் கிருமி வளரலாம். ரிப்போர்ட்டில் ஒரு பெயரைப் பார்த்ததும் “மருந்து ஏத்துங்க சார்” என்று டாக்டரை நெருக்காதீர்கள். காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேவையில்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளால்தான் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் எதற்கும் மசியாத அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. கடைசியில் கோலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துதான் கையில் மிஞ்சுகிறது. பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை சட்டம் சொல்கிறது. மெடிக்கல் ஷாப்பில் “ரெண்டு நாளைக்குக் குடுங்க” என்று கேட்பதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

சர்க்கரை நோயாளி குழம்பினால் முதலில் ரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும்போது வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழப்பம் தெளிந்துவிட்டால் கதை முடிந்தது என்று நானும் நினைக்க ஆசைப்படுகிறேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஐ.சி.யூ. நோயாளிகள் 821 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து ஞாபகத்தையும் சிந்தனையையும் சோதித்தபோது நான்கில் ஒருவரின் மதிப்பெண், அல்ஸைமர் என்ற மறதி நோய் லேசாக இருப்பவரின் அளவுக்கு இருந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பாதிப்பும் அதிகம். கடுமையான செப்சிஸிலிருந்து (தொற்றை எதிர்க்கப்போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை) பிழைத்த முதியவர்களுக்கு மிதமான, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுவதாக 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. எனவே தொற்றைத் தடுப்பது அவருடைய ஞாபகத்தையும் காப்பதுதான்.

நல்ல செய்தியும் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புது மருந்து எதுவும் இல்லாமல் டெலிரியத்தை 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைத்தார்கள். செய்ததெல்லாம் நீங்களும் செய்யக்கூடியவை. கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, முடிந்த அளவு எழுப்பி நடக்கவைப்பது, இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அவ்வப்போது சொல்லுவது, ராத்திரியில் தூங்கவிடுவது. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள். ராத்திரி ரீல்ஸ் சத்தத்தை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ ஏவில் மாத்திரையையோ யாருக்கும் தெரியாமல் கொடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு இவையே குழப்பத்தைக் கொண்டுவரும்.

கையைக் கட்டிவையுங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. டியூபை இழுத்துவிடுவாரே என்ற பயம் நியாயம்தான். யூரின் டியூப் நழுவாமலிருக்க மூத்திரப்பைக்குள் ஊதியிருக்கும் பலூனோடு இழுத்தால் காயமாகி ரத்தம் வரும். ஆனால் கட்டினால் வெறி கூடும், படுக்கைப் புண்ணும் வரும். பக்கத்தில் பழகிய முகம் ஒன்று உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது கட்டுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. அவர் சொல்வதை மறுத்துச் சண்டை போட வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டியூபோடுதான் வீட்டுக்குப் போகிறார் என்றால், எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குழப்பம் வந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சீட்டை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.