இசட் டிரைவும் கடைமடையும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. ஆபீசில் பன்னிரண்டு கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர். நெல் கொள்முதல் பார்ப்பவருக்கு வரவுக் கணக்கு ஃபோல்டர் வேண்டும், எடைமேடைக்காரருக்கு ரசீது அச்சாகிற பிரிண்டர் வேண்டும். ஒவ்வொரு கணினியாகப் போய் இணைத்துக் கொடுப்பேன்; சர்வரில் உள்ள ஃபோல்டர் அங்கே இசட் டிரைவ் என்ற பெயரில் தெரியும். யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் போச்சு. "சார், இசட் டிரைவைக் காணோம்" என்று போன் வரும்.

இந்த அலைச்சலை மிச்சம் பிடிப்பதுதான் லாகின் ஸ்கிரிப்ட். பெயரும் கடவுச்சொல்லும் சரி என்று சர்வர் ஒப்புக்கொண்டதும், அந்த ஆளுக்கென்று எழுதிவைத்த ஒரு சின்ன பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல், தானாக ஓடும். உள்ளே பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. 'நெட் யூஸ்' என்ற கட்டளை, டிரைவின் எழுத்து, சர்வரில் அந்த ஃபோல்டர் இருக்கும் முகவரி. டிரைவுக்கு ஒரு வரி. ஆள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபோல்டர் அவரோடு வந்துவிடும்.

ஃபைலை வைக்கும் இடம் சர்வரில் உள்ள நெட்லாகன் என்ற பகிர்வு ஃபோல்டர். பிறகு ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது சர்வர் வைத்திருக்கும் பயனர் பதிவேட்டில், அந்தப் பயனரின் புரொஃபைல் பக்கத்தில் ஃபைல் பெயரை எழுதினால் போதும். முழு முகவரி வேண்டாம். ஆள் அதிகமென்றால் ஒவ்வொருவராகத் தொடாமல், எல்லாக் கணினிக்கும் பயனருக்கும் சர்வரிலிருந்தே அமைப்புகளை விதிக்கும் குரூப் பாலிசி வழியாக மொத்தமாகக் கொடுக்கலாம். நெட்லாகனை எல்லாப் பயனரும் திறந்து படிக்க முடியும். ஆகவே ஸ்கிரிப்டுக்குள் கடவுச்சொல் எழுதும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் சர்வருக்குப் பதிலாக லினக்ஸில் சாம்பா என்ற பகிர்வு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஃபைலின் வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் ஏறுமாறாக ஓடும்.

இதெல்லாம் சுலபம். படுத்துவது நேரம்தான். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று அன்றைக்கே கடைமடையில் மடையைத் திறந்துவைத்தால் என்ன வரும்? கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்காலில் ஏற வேண்டாமா? விண்டோஸ் அந்த அவசரக்காரனின் வேலையைத்தான் செய்கிறது. சீக்கிரம் திரையைக் காட்டுவதற்காக, நெட்வொர்க் வருமுன்பே, முன்பு சேமித்துவைத்த லாகின் விவரத்தை வைத்து உள்ளே விட்டுவிடும். சர்வரே கண்ணில் படாதபோது ஸ்கிரிப்ட் எங்கிருந்து ஓடும்? கணினி தொடங்கும்போதும் லாகினின்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பு குரூப் பாலிசியிலேயே உண்டு. அதை இயக்கிவிட வேண்டும்.

இன்னொன்று என்னை நன்றாக ஏமாற்றியது. விண்டோஸ் 8.1 முதல், குரூப் பாலிசி வழியாகக் கொடுக்கும் லாகின் ஸ்கிரிப்ட் உள்ளே நுழைந்து 5 நிமிடம் கழித்துத்தான் ஓடும். நாமாக மாற்றாதவரை அப்படித்தான். அது தெரியாமல், ஸ்கிரிப்டில்தான் கோளாறு என்று மூன்று தடவை மாற்றி எழுதினேன். அலுத்துப்போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இசட் டிரைவ் தானாக வந்து நிற்கிறது! அந்தத் தாமதத்தைப் பூஜ்யமாக்க ஒரே ஒரு அமைப்புதான். மாற்றிவிட்டு, முதலில் எழுதிய ஸ்கிரிப்டையே திரும்ப வைத்தேன்.