சனங்க மனசுல உள்ள பொருளாதாரத்த எப்பிடி அளக்குறாங்க, அந்த அளவு நம்ம மலையக தேயிலைத் தோட்டத்துக்கு சரிவருமா?

2022 செப்டம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி நாட்டு பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டு சாமான மட்டும் எடுத்தா 94.9. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2023 செப்டம்பர்ல, அதே கணக்கு 1.3 வீதத்துக்கு எறங்கிருச்சு. பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனா அந்த நேரத்துல ஹட்டன் டவுன்லயோ தலவாக்கலையிலயோ கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த யார்கிட்டயாவது "இப்ப கொஞ்சம் பரவாயில்லயா"ன்னு கேட்டிருந்தா "எங்க பரவாயில்ல, ஒண்ணும் கொறையலயே"ன்னுதான் பதில் வந்திருக்கும், அந்த பதில் நூத்துக்கு நூறு சரி. ஏன்னா பணவீக்கம் கொறையுதுன்னா வெல கொறையுதுன்னு இல்ல, வெல ஏறுற வேகம்தான் கொறையுது. 100 ரூவா சாமான் 170 ஆச்சு, அடுத்த வருஷம் 172 ஆச்சு, அவ்வளவுதான். தோட்டத்து நாள் சம்பளம் 2021 மார்ச்ல 1000 ரூவான்னு முடிவானது, அதுக்கு அப்புறம் 1350ன்னு வர்த்தமானி வந்தது 2024 செப்டம்பர்லதான். கொழும்பு கணக்கையே வச்சு பாத்தாலும் நடுவுல அந்த 1000 ரூவாயோட பலம் 600 ரூவாய்க்கும் கீழ எறங்கிருச்சு.

அப்ப வெல ஒரு கணக்கு, வருமானம் ஒரு கணக்கு, இது ரெண்டையும் பாத்து சனங்க மனசுல போடுறது இன்னொரு கணக்கு. இந்த மூணாவது கணக்க தனியா அளக்கணும்னு பிடிவாதமா நின்ன ஆள் ஜார்ஜ் கட்டோனா. ஹங்கேரியில பொறந்த உளவியல்காரர், அமெரிக்காவுல மிச்சிகன் யூனிவர்சிட்டில 1946ல இருந்து வீட்டுக்காரங்கள கேள்வி கேட்டு கேட்டு இந்த வேலைய வளத்தவர். அவரோட அடிப்படை எண்ணம் ரொம்ப நேரடியானது: ஒருத்தர் செலவழிக்கணும்னா கையில காசு இருக்கணும், அதோட செலவழிக்க மனசும் வரணும், காச மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா பாதி விஷயம்தான் தெரியும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் 1930கள்ல வந்த பழைய மந்தம் திரும்பி வரும்னு நெறைய பொருளாதார நிபுணர்கள் பயந்துக்கிட்டு இருந்தப்ப, இவரோட கேள்விகளுக்கு சனங்க சொன்ன பதில் வேற மாதிரி இருந்துச்சு, வீடு வாங்கணும் கார் வாங்கணும்னு தயாரா இருந்தாங்க, கடைசியில நடந்ததும் அதுதான்.

அவர் வளத்த அந்த வேலையில இருந்து வந்த மிச்சிகன் சுட்டெண் இன்னிக்கும் அஞ்சே கேள்வில நிக்கிது. போன வருஷத்த விட உங்க குடும்பத்து காசு நெலம இப்ப நல்லா இருக்கா மோசமா இருக்கா, அடுத்த வருஷம் எப்பிடி இருக்கும், நாட்டுல அடுத்த 12 மாசம் வியாபாரம் தொழில் எல்லாம் எப்பிடி போகும், அடுத்த அஞ்சு வருஷம் எப்பிடி போகும், வீட்டுக்கு பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா கெட்ட நேரமா. ஒவ்வொரு கேள்விக்கும் நல்லதுன்னு சொன்னவங்க வீதத்துல இருந்து மோசம்னு சொன்னவங்க வீதத்த கழிச்சு 100 கூட்டுறாங்க, "அப்பிடியேதான் இருக்கு"ன்னு சொன்னவங்கள கூட்டுறதும் இல்ல, கழிக்கிறதும் இல்ல. உதாரணத்துக்கு 15 வீதம் பேர் நல்லா இருக்குன்னும் 60 வீதம் பேர் மோசம்னும் சொன்னா 15 கழித்தல் 60 கூட்டல் 100, அதாவது 55. மத்த நாலு கேள்விக்கும் 70, 60, 65, 40ன்னு வந்துச்சுன்னு வைங்க, மொத்தம் 290. அத 6.7558 ஆல வகுத்து 2 கூட்டுனா 44.9, அதுதான் அந்த மாசத்து சுட்டெண். 6.7558ன்னு ஒரு விசித்திரமான எண் எதுக்குன்னா 1966ம் வருஷத்து நெலமைய 100ன்னு வச்சு மத்த எல்லா வருஷத்தயும் அதோட ஒப்பிடுறதுக்கு. அந்த 2, ஆரம்ப காலத்துல கேள்வி கேக்க ஆள தெரிவு செஞ்ச மொறைய மாத்துனப்ப வந்த வித்தியாசத்த சரிக்கட்ட சேத்தது.

2022 ஜூன்ல அமெரிக்காவுல இந்த எண் 50க்கு விழுந்துச்சு, அதுவரைக்கும் அவ்வளவு கீழ போனதே இல்ல. அப்ப அங்க வேலையில்லாதவங்க வெறும் 3.6 வீதம்தான், வேலை கெடைக்காத காலமே இல்ல அது, ஆனா பணவீக்கம் 9.1 வீதம். சம்பளம் வருது வேலை இருக்குன்னாலும் ஒவ்வொரு வாரமும் கடையில பில்லு ஏறுறத பாக்குற மனசு தளந்து போகுது, பொருளாதார மந்தம்னு யாரும் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே. நமக்கு அத யாரும் சொல்லித்தர தேவையில்ல.

மத்த இடத்துலயும் இதே குடும்பத்து அளவுகோல்தான். கொன்ஃபரன்ஸ் போர்ட்னு ஒரு அமைப்பு 1967ல இருந்து இன்னொரு அஞ்சு கேள்வி வச்சு நடத்துது, அவங்களுக்கு 1985 தான் 100. ஐரோப்பாவுல "ரொம்ப நல்லது" "ரொம்ப மோசம்"னு சொல்றவங்களுக்கு முழு மதிப்பும் "கொஞ்சம்"னு சொல்றவங்களுக்கு அரை மதிப்பும் குடுத்து கணக்கு போடுறாங்க. நம்ம நாட்டுல வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நாட்டு மனநிலைய கேட்டு ஒரு பொருளாதார நம்பிக்கை எண் போடுது, அது எதிர் 100ல இருந்து கூட்டல் 100 வரைக்கும் போகும், 2022ல அது அடித்தட்டுக்கு கிட்ட போய் நின்னுச்சு. மத்திய வங்கியும் வெலவாசி எங்க போகும்னு சனங்க எதிர்பாக்குறாங்கன்னு வீட்டுக்காரங்க கிட்டயும் கம்பெனிகள் கிட்டயும் கேட்டு பாத்துக்கிட்டுதான் இருக்கு.

மனசுல நெனைக்கிறத அளந்து என்ன பிரயோசனம்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். மனசு வெறுமனே நடந்தத காட்டுற கண்ணாடி மட்டும் கெடையாது, அடுத்து நடக்கப்போறதயும் அது உருவாக்குது. பத்தாம் திகதி வாக்குல தோட்டத்துல சம்பளம் போட்டதும் டவுன் எப்பிடி இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், பஸ்ல எடம் இருக்காது, துணிக்கடை, செருப்புக்கடை, பாத்திரக்கடை எல்லாத்துலயும் ஆள் நிக்கும். வர்ற மாசம் என்னாகுமோன்னு பயம் வந்துட்டா அதே சம்பளம் வந்தாலும் சனம் அரிசி மா பருப்போட திரும்பிரும். ஒரு குடும்பம் அப்பிடி செஞ்சா அது புத்திசாலித்தனம், ஆயிரம் குடும்பம் ஒரே மாசத்துல செஞ்சா துணிக்கடைக்காரர் வேலைக்கு நிக்கிற ரெண்டு பிள்ளைகள்ல ஒண்ண நிப்பாட்டுறாரு, அந்த பிள்ளை தோட்டத்து லய வீட்டுல இருந்து வந்த பிள்ளையாத்தான் இருக்கும், அப்ப அந்த வீட்டு பயம் உண்மையாவே ஆயிருது. மந்தம் இப்பிடித்தான் தன்னத்தானே ஊட்டி வளத்துக்குது, அதனாலதான் மனசு எந்தப்பக்கம் திரும்புதுன்னு முன்னக்கூட்டியே தெரிஞ்சுக்க இவ்வளவு பாடுபடுறாங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வாறேன். இந்த சுட்டெண் அளக்குறது மாற்றத்த, நெலமைய இல்ல. முதல் கேள்விய திரும்பி பாருங்க, போன வருஷத்த விட எப்பிடின்னு கேக்குது. போன வருஷமும் கஷ்டம், இந்த வருஷமும் அதே கஷ்டம்னு இருக்குற ஒரு லயத்துல போய் கேட்டா "அப்பிடியேதான்"னு சொல்லுவாங்க, நூறு பேரும் அப்பிடியே சொன்னா கணக்கு 0 கழித்தல் 0 கூட்டல் 100, அந்த கேள்விக்கு எண் 100, நடுநிலை, எல்லாம் சுமுகம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தோட 2019 கணக்குப்படி, அதாவது நெருக்கடி வர்றதுக்கு முன்னாடியே, நாடு பூரா வறுமையில உள்ளவங்க 14.3 வீதம்னா தோட்டத்துல 33.8 வீதம். மூணுல ஒரு ஆள் வறுமையில இருந்த எடத்துல மாற்றம் இல்லங்கற பதில நடுநிலைன்னு எழுதுனா அது எப்பிடி உண்மையாகும்? தெர்மோமீட்டர்ல காய்ச்சல் நேத்து எவ்வளவு இருந்துச்சோ இன்னிக்கும் அவ்வளவுதான்னு மட்டும் எழுதிட்டு, அது 103ங்கறத எழுதாம விடுற மாதிரி.

அஞ்சாவது கேள்வியும் நமக்கு பொருந்தாது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க இது நல்ல நேரமான்னு கேக்குறதுல ஒரு எண்ணம் ஒளிஞ்சிருக்கு, வாங்குறதா வேணாமாங்கறது அந்த குடும்பத்து கையில உள்ள முடிவுன்னு. சம்பளத்துல ஏறக்குறைய பாதி சாப்பாட்டுக்கே போற வீட்டுல, மிச்சத்துல தீபாவளி அட்வான்ஸ் கழிவும் லோன் தவணையும் கடை கொப்பி கடனும் போக, அந்த முடிவ எடுக்க எடமே இல்ல. அங்க மனசு பெரிய சாமான்ல தெரியாது. கோதுமை மா மூட்டையா வாங்குறாங்களா கிலோவா வாங்குறாங்களா, பிள்ளைக்கு டியூஷன் காசு குடுக்குறாங்களா நிப்பாட்டுறாங்களா, ஊர் திருவிழாவுக்கு வரி எவ்வளவு எழுதுறாங்க, இதுலதான் தெரியும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. நாட்டு சனத்தொகையில தோட்டத்துறை நூத்துக்கு நாலு அஞ்சு பேர்தான். 1000 பேர் கிட்ட எடுக்குற ஒரு சர்வேல சரியான விகிதத்துல எடுத்தாலும் தோட்டத்து ஆள் 45 பேர் அளவுலதான் வருவாங்க. இப்பிடி கொஞ்ச பேர மட்டும் கேட்டு போடுற கணக்குல பிழை எவ்வளவு வரும்ங்கறதுக்கு ஒரு லேசான வழி இருக்கு, 1ஐ எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கணும். 1000 பேருக்கு அது 3 வீதம், 45 பேருக்கு 15 வீதம். அதாவது தோட்டத்துல 60 வீதம் பேர் மோசம்னு சொன்னதா வந்தா உண்மை 45லயும் இருக்கலாம் 75லயும் இருக்கலாம், அத வச்சு ஒரு முடிவும் எடுக்க ஏலாது. அதனால பொதுவா தோட்டத்த தனியா போடாம நாட்டு சராசரிக்குள்ள கரைச்சு விட்டுர்றாங்க. இதுக்கு மருந்து ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, தோட்டத்துல மட்டும் கூடுதலா 400, 500 பேர தனியா கேட்டு, தோட்டத்து எண்ண தனியா வெளியிட்டு, நாட்டு எண்ணுக்கு சேக்குறப்ப மட்டும் எடைய கொறச்சு சேக்கணும். செலவு கூடும், ஆனா வழி தெரியாத விஷயம் இல்ல.

யார் பதில் சொல்றாங்கங்கறதும் கணக்குதான். போன்ல கேட்டா பகல்ல மலையில கொழுந்து எடுக்குற அம்மா கெடைக்க மாட்டாங்க, சிக்னல் உள்ள எடத்துல போன கையில வச்சிருக்குற மகன்தான் கெடைப்பான், வீட்டு கடன் கொப்பி எவ்வளவுன்னு அவனுக்கு தெரியுமான்னு பாருங்க. நேர்ல வந்து கேட்டா, பக்கத்துல தோட்டத்து ஆள் யாரும் நின்னா பதில் மாறிரும், "ஏதோ ஓடுதுங்க ஐயா"ன்னு முடிச்சிருவாங்க. மிச்சிகன்காரங்களே 2024ல போன்ல இருந்து இணையத்துக்கு மாறுனப்ப மாசக்கணக்குல ரெண்டையும் கலந்து நடத்தி, மொற மாறுனதால எண்ணும் மாறுதான்னு சரிபாத்துக்கிட்டாங்க.

இதனாலதான் பசியும் கடனும் உள்ள எடத்துல மனச நேரா கேக்காம செஞ்சத கேக்குற இன்னொரு அளவு இருக்கு. உலக உணவுத் திட்டம் மாதிரி அமைப்புகள் 2022லயும் அதுக்கு பிறகும் இலங்கையில இத பயன்படுத்துனாங்க. கடந்த 7 நாள்ல எத்தன நாள் வெல கொறஞ்ச, புடிக்காத சாப்பாட்டுக்கு எறங்குனீங்க, எத்தன நாள் சாப்பாட்டுக்கு கடனோ உதவியோ வாங்குனீங்க, எத்தன நாள் அளவ கொறச்சீங்க, எத்தன நாள் பிள்ளைகளுக்கு குடுத்துட்டு பெரியவங்க கொறச்சு சாப்பிட்டீங்க, எத்தன நாள் ஒரு வேளை சாப்பாட்ட விட்டீங்க. எல்லாத்துக்கும் ஒரே எடை கெடையாது, கடனுக்கு 2, பிள்ளைக்காக பெரியவங்க விட்டுக்குடுத்ததுக்கு 3, மத்ததுக்கு 1. ஒரு வீட்டுல 7 நாளும் மட்டமான சாப்பாடு, 2 நாள் கடன், 4 நாள் அளவு கொறச்சாங்க, 3 நாள் அம்மா விட்டுக்குடுத்தாங்க, 2 நாள் ஒரு வேளை இல்லன்னா 7 கூட்டல் 4 கூட்டல் 4 கூட்டல் 9 கூட்டல் 2, மொத்தம் 26. ஆகக்கூடினது 56, 19 ஆனாலே நெருக்கடின்னு எடுக்குறாங்க. "பரவாயில்ல"ன்னு சொல்ற அம்மா கூட மூணு நாள் ரொட்டிய பிள்ளைக்கு வச்சுட்டு பிளேன்டீ குடிச்சத கேட்டா மறைக்காம சொல்லுவாங்க, ஏன்னா அது அபிப்பிராயம் இல்ல, நடந்தது. அந்த 3ங்கற எடைய யார் வச்சாங்களோ அவங்க சரியா வச்சிருக்காங்கன்னு எனக்கு தோணும்.

அடகையும் நெறைய பேர் மனநிலை அளவா பாக்குறாங்க, அதுல ஒரு கவனம் வேணும். 2022ல டொலர் 200 ரூவா கிட்ட இருந்து 360க்கு போனப்ப பவுன் வெலயும் சேந்து ஏறுச்சு, அப்ப அதே காதுத் தோட அடகு வச்சாலும் கூடுதலா காசு கெடைச்சுச்சு. அடகு கடன் மொத்த ரூவா ஏறுறத மட்டும் பாத்து சனம் அவ்வளவு நகையயும் வச்சிருச்சுன்னு சொல்ல ஏலாது, ரூவாய அன்னைக்கு பவுன் வெலயால வகுத்து எத்தன பவுன் உள்ள போச்சுன்னு பாக்கணும். அதோட எத்தன பேர் திருப்பி எடுத்தாங்க, எத்தன நகை ஏலத்துக்கு போச்சுங்கறதும் வேணும். வைக்கிறது பயம் மட்டும் இல்ல, திருப்பிரலாம்னு ஒரு நம்பிக்கையும் அதுல இருக்கு. வட்டி கட்டாம விட்டு ஏலத்துக்கு போக விடுறதுதான் நம்பிக்கை அத்துப்போனதுக்கு அடையாளம்.

மலையகத்துக்குன்னு தனியா ஒரு அஞ்சு கேள்வி வைக்க சொன்னா நான் இப்பிடி வைப்பேன், ரெண்டு மனசுல நெனைக்கிறதுக்கு, மூணு கையால செஞ்சதுக்கு. அடுத்த வருஷம் இதே நேரம் உங்க வீட்டு நெலம எப்பிடி இருக்கும்னு நெனைக்கிறீங்க. உங்க பிள்ளை தோட்டத்துலயே இருந்து பொழைக்க முடியும்னு நெனைக்கிறீங்களா. போன மாச சம்பளம் வாங்குன அன்னைக்கே கடை கொப்பிக்கு எவ்வளவு குடுத்தீங்க, அது போன வருஷம் இதே மாசத்துல எவ்வளவு. வச்ச நகையில எத்தன பவுன் இந்த ஆறு மாசத்துல திருப்புனீங்க. கடந்த 7 நாள்ல எத்தன நாள் பிள்ளைகளுக்கு வச்சுட்டு நீங்க சாப்பிடாம இருந்தீங்க. இத சம்பளம் போட்டு ஒரு வாரத்துலயும், அடுத்த சம்பளத்துக்கு ஒரு வாரம் முன்னயும், மாசத்துல ரெண்டு தடவ கேக்கணும், ஏன்னா பத்தாம் திகதி பதிலும் ரெண்டாம் திகதி பதிலும் ஒண்ணா இருக்காது.