எஞ்சின் கடைசியில் வரட்டும்

போன அக்டோபரில் ஒரு சிவப்பு எம்.ஜி.பி., அதாவது பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு லாரியில் ஏறி வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. பானெட்டைத் திறந்தால், தொழிற்சாலை வைத்த நாலு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்தில் ரோவர் கம்பெனியின் மூன்றரை லிட்டர் வி8, எட்டு சிலிண்டர் எஞ்சின், உட்கார்ந்திருக்கிறது. காருக்குச் சொந்தக்காரர் நம் ஊர்த் தம்பி, லண்டனில் வேலை. யாரோ மாற்றி வைத்த காரை வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் டாஷ்போர்டு பக்கம் பொசுங்கற வாடை வருது" என்றார்.

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, சோக் கேபிளின் (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கம்பி) மேல் கையை வைத்தேன். இரண்டே நொடியில் கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. கேபிளின் மேலுறை ஓர் இடத்தில் உருகி, பக்கத்து வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே குனிந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அங்கே இல்லவே இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாவிட்டால் பாடியோடு அதற்கு மின் தொடர்பு கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் எப்படியாவது பாட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். வேறு வழி இல்லாததால் மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிள் போய் முடியும் இடம் கார்புரேட்டர். பெட்ரோல் ஹோஸ் அங்கிருந்து நாலு விரற்கடை.

அந்தப் பட்டையின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது. எஞ்சினைத் தேடிப் பிடித்து, பாலிஷ் போட்டு, உள்ளே இறக்கியவர் அதை மறந்திருக்கிறார். இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு பல வருடமாகப் புழங்கும் எனக்கு இது புதிதல்ல. பெரிய எஞ்சின் மாற்றிய கார்கள் எங்களிடம் வரும்போது, கோளாறு பெரும்பாலும் எஞ்சினில் இருப்பதில்லை. அதைச் சுற்றி இருப்பவற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய எஞ்சின் மாட்டும் ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன். அந்த ஆசை கார் கம்பெனிகளுக்கே இருந்தது. எம்.ஜி.பி. 1962இல் வந்தபோது 1798 சிசி, சுமார் 95 குதிரைசக்தி. ஐந்து வருடம் கழித்து அதே பாடியில் 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என்று விட்டார்கள். அந்த எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. மூக்குப் பக்கம் ஏறிய எடை மட்டும் 90 கிலோவுக்கு மேல். இடம் போதாமல் முன் சஸ்பென்ஷனையே டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுங்கும் கம்பி) முறைக்கு மாற்றினார்கள், பானெட்டில் ஒரு புடைப்பு வைத்தார்கள். அப்படியும் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் நேராகவே போகப் பார்க்கிறது என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 1969இல் கதை முடிந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தத் தொழிலுக்கே பாடம். கென் காஸ்டெல்லோ என்பவர் தன் சொந்த முயற்சியில் எம்.ஜி.பி.க்குள் ரோவரின் வி8 எஞ்சினை வைத்து விற்க ஆரம்பித்தார். அந்த எஞ்சின் அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1961இல் கொண்டுவந்தது. பிற்பாடு உரிமையை ரோவர் வாங்கிக்கொண்டது. எட்டு சிலிண்டர் இருந்தாலும் அலுமினியம் என்பதால், எடையில் எம்.ஜி.பி.யின் பழைய நாலு சிலிண்டர் இரும்பு எஞ்சினையே ஒட்டி வரும். மூக்கு கனக்கவில்லை, காரின் சமநிலை கெடவில்லை. 1973இல் எம்.ஜி. கம்பெனியே அதைத் தயாரித்தது: 3528 சிசி, 137 குதிரைசக்தி. 1976 வரை செய்தது மொத்தம் 2,591 கார்கள், எல்லாமே கூரை மூடிய ஜி.டி. ரகம். ஆகவே யாராவது என்னிடம் "எத்தனை குதிரைசக்தி வைக்கலாம்?" என்று கேட்டால், "எத்தனை கிலோ?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சன்பீம் டைகரையும் சொல்லியாக வேண்டும். சன்பீம் ஆல்பைன் என்ற சாதுவான சின்னக் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து 1964இல் வந்த கார் அது. மாதிரி வடிவத்தைச் செய்ய உதவியவர் அமெரிக்கப் பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரோல் ஷெல்பி. தயாரித்தது வெஸ்ட் ப்ராம்விச்சில் இருந்த ஜென்சன் தொழிற்சாலை. இடம் எவ்வளவு நெருக்கம் என்றால், பெயின்ட் அடித்து வந்த பாடியில், எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து ஒடுக்கித்தான் எஞ்சினை இறக்கினார்கள். பழைய ஸ்டியரிங் பெட்டிக்கு இடம் இல்லாமல் ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வந்தது. பின்கோடியில் இருக்கும் ஒரு ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் பக்கமாகக் கழற்ற முடியாது. காருக்குள் உட்கார்ந்து, தடுப்புத் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, அந்த ஓட்டை வழியாகக் கழற்ற வேண்டும். முதல் தடவை அந்த ஓட்டைக்குள் ஸ்பானரை விட்டபோது, இதை யோசித்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. எஞ்சின் உள்ளே போகுமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். போனபிறகு பிளக் மாற்ற முடியுமா என்று ஒருவர் பார்த்திருக்கிறார்.

சரி, உங்களிடம் ஒரு எம்.ஜி.பி.யோ ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரோ இருக்கிறது, பெரிய எஞ்சின் வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பாடியிலிருந்து. எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேஸி கிடையாது, பாடியே சேஸி. அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு. ஐம்பது வருட மழையும், குளிர்காலச் சாலை உப்பும் அதைத்தான் உள்ளிருந்து தின்னும். வெளியே புதுத் தகடு போட்டு பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்தகடு பிஸ்கட் மாதிரி உதிரும். நான் செய்யும் சோதனை எளியது. கதவை மூடி, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகி வைப்பேன். பிறகு சில்லில் இருக்கும் ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்குவேன். அட்டை தளர்வாகவே இருந்தால் நிம்மதி. இறுகிப் பிடித்தால், கதவு திறக்க மறுத்தால், கார் நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். அந்தக் காருக்கு வேண்டியது டிங்கரிங், வி8 அல்ல. பழைய எஞ்சின் தருவது 110 பவுண்டு-அடி முறுக்குவிசை, ரோவர் வி8 தருவது 193. ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது பாடியை முறுக்கும்.

ஏ.சி. கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஏ.சி. ஏஸ் என்ற இரண்டு லிட்டர் காரின் சேஸியில் 1962இல் ஃபோர்டு வி8 வைத்தார்கள். ஏழு லிட்டர் எஞ்சினுக்குப் போனபோது பழைய சேஸி தாங்காது என்று புதிதாகவே வடிவமைத்தார்கள். 3 அங்குலக் குழாய்கள் 4 அங்குலம் ஆயின, குறுக்கே கிடந்த லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கார் மாதிரிதான்.

அப்புறம் பிரேக். இங்கே ஒரு கணக்கு. 70 மைல் வேகத்தில் போகும் காரை நிறுத்துவதைவிட 100 மைலில் போகும் காரை நிறுத்த இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பாருங்கள். எம்.ஜி. கம்பெனி தன் வி8 காருக்கு முன் டிஸ்க்குகளைத் தடிமனாக்கியது. ஆனால் வீட்டு கராஜில் மாற்றிய கார்களில் பாதிக்கு மேல் பழைய டிஸ்க்கோடுதான் எங்களிடம் வருகின்றன. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. மலைச்சரிவில் நாலாவது வளைவில் பெடல் மிருதுவாகும்போது தெரியும். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் செய்த டயர் என்று சொல்லும். தடம் தேயாமலே கெட்டுப்போன பதினெட்டு வருட டயரை நான் வி8 காரிலிருந்து கழற்றியிருக்கிறேன்.

பின் ஆக்சிலை யாரும் நினைப்பதே இல்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் ஆக்சிலின் விகிதம்; சாதாரண எம்.ஜி.பி.க்கு 3.9, தொழிற்சாலை வி8க்கு 3.07. பழைய ஆக்சிலையே வைத்தால் எஞ்சின் தேவையில்லாமல் கால் பங்குக்கு மேல் அதிகமாகச் சுற்றும். ஆக்சிலைப் பிடித்திருப்பதோ லீஃப் ஸ்பிரிங். முறுக்குவிசை கூடினால் அந்த ஸ்பிரிங் ஆங்கில எழுத்து எஸ் மாதிரி நெளிந்து, விடுபட்டு, மறுபடி நெளியும். பின்சக்கரம் தரையில் தடதடவென்று குதிக்கும். நேர்ச்சாலையில் வெறும் சத்தம், ஈரமான வளைவில் கார் கையை விட்டுப் போய்விடும். ஆக்சிலுக்கு மேல் ஒரு தாங்குகம்பி வைத்தால் இது அடங்கும்.

சூட்டைப் பற்றியும் சொல்கிறேன். கம்பெனி தன் வி8க்கு ரேடியேட்டரை முன்னால் நகர்த்தி, இரண்டு மின்விசிறி வைத்தது. வி8இன் எக்ஸாஸ்ட் ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் போகிறது, பிரேக் குழாயும் கிளட்ச் குழாயும் அங்கேதான். பெட்ரோல் ஹோஸ் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது கெட்டியாக்கி விரிசல் விட வைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸை மாற்றுங்கள். காருக்குள் கை எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று வையுங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் எம்.ஜி.பி.யைப் பலர் அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். எஞ்சின் மாற்ற அதுதான் சௌகரியம். முன் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் தண்டின் அமைப்பு எல்லாம் வி8 காருக்கு ஒத்துப்போகும். வெட்டி ஒட்டும் வேலை குறையும்.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் எண்ணும் சிசியும் மாறினால், பிரிட்டனில் வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குச் சொல்லியாக வேண்டும். நாற்பது வயது தாண்டிய காருக்கு வருடாந்தர எம்.ஓ.டி. (சாலைத் தகுதி) சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை, ஆனால் கடந்த முப்பது வருடத்துக்குள் பெரிய அளவில் மாற்றிய காருக்கு அந்த விலக்கு இல்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் பெரிய மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த மாடலுக்கு அன்று தொழிற்சாலையே கொடுத்த எஞ்சின் என்றால் வேறு விஷயம். விலக்கு கிடைத்தாலும் நீங்களாகவே கொண்டுபோய்ச் சோதியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்து நாளில் அவர்கள் கை விரித்துவிடலாம்.

அந்தச் சிவப்புக் காருக்கு வருகிறேன். எர்த் பட்டையை அன்றே போட்டுவிட்டோம், வாடை நின்றது. தம்பி கிளம்பத் தயாரானார். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லி, கதவு இடுக்கில் அட்டையைச் செருகி, ஜாக்கியை வைத்தேன். மூன்றாவது அடியிலேயே அட்டை இறுகிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

"எவ்வளவு நாள் ஆகும்ணே?"

"சில் ரெண்டு பக்கமும் வெட்டணும். அதுக்கப்புறம் பிரேக். ரெண்டு மாசம் வைங்க."

வி8 இப்போது பட்டறை மூலையில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். இடது பக்க உள்தகடு நேற்றுதான் வெல்டிங் முடிந்தது.