தனியுரிமை: யாருடைய உரிமை?

எனக்கு வரவேண்டிய கடிதங்கள் இரண்டு மாதமாக வரவில்லை. என் கணக்கில் எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று கேட்க வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். பெயர், பிறந்த தேதி, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "தனியுரிமைச் சட்டப்படி அதைச் சொல்ல இயலாது சார்" என்றார் அந்தப் பெண். யாருடைய தனியுரிமை என்று கேட்டேன். சற்று யோசித்து, "நிறுவனத்துடையதுதான் சார்" என்றார்.

அவரை நொந்து பயனில்லை. சொல் அப்படி.

'பிரைவசி' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழில் 'தனியுரிமை' என்கிறோம். அதன் வேர் லத்தீன் 'பிரிவாட்டுஸ்'. பொதுவிலிருந்து ஒதுக்கப்பட்டது என்று பொருள். 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் இதைச் சட்டப் பேச்சாக்கினார்கள். 'என்னைச் சும்மா விடு' என்பதுதான் சாரம். ஆக, அது ஒரு நிலை. அந்த நிலைக்கு உரிமை கோரலாம். அந்த நிலையே உரிமை ஆகாது.

தமிழாக்கியவர்கள் நிலை, உரிமை இரண்டையும் ஒரே சொல்லில் ஒட்டிவிட்டார்கள். விளைவு, 'ரைட் டு பிரைவசி' என்று வந்தால் 'தனியுரிமைக்கான உரிமை' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்குக் கூசுவதில்லையா? ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவதைத் 'தனியுரிமையில் மாற்றினார்' என்று எழுத முடியுமா? அதைவிடக் கேடு, தமிழ்க் காது அந்தச் சொல்லைப் பிரிக்கும் விதம். பதிப்புரிமை, காப்புரிமை, விற்பனை உரிமை எல்லாம் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில் இருப்பவை. அவற்றின் பக்கத்தில் 'தனியுரிமை'யை வைத்தால், ஒருவருக்கு மட்டுமே உள்ள ஏகபோகம் என்றுதான் படும். தொலைபேசிப் பெண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது.

'அந்தரங்கம்' இருக்கிறதே என்றால் தூய தமிழ் அன்பர்கள் வடசொல் என்று முகம் சுளிக்கிறார்கள். மற்றவர்கள் அதில் படுக்கையறை வாடை வீசுகிறது என்கிறார்கள். வாடை பத்திரிகைக் கேள்வி பதில் பகுதிகள் ஏற்றியது. 'அந்தரங்க சுத்தி' என்று சொன்ன தலைமுறைக்கும் 'அந்தரங்கச் செயலாளர்' என்று எழுதிய தலைமுறைக்கும் அது வீசவில்லை. எனக்குத் தெளிவு முதலில், தூய்மை பிறகு. அந்தரங்கம், அந்தரங்க உரிமை: குழப்பமே இல்லை. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'மறை' இருக்கிறது. 'மறைபெறல் ஊரார்க்கு அரிதன்றால்' என்ற குறளில் (1180) அது இரகசியம்தான். ஆனால் பிறர் நம்பிச் சொன்னதை வெளியிடாமல் காப்பதற்கு, அதாவது 'மறைகாப்பு'க்கு, அதை ஒதுக்கி வைப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், சேவை மையங்கள் கையைக் காட்டும் சட்டங்களின் பெயரில் 'பிரைவசி'யே கிடையாது. 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியச் சட்டத்தின் பெயர் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி. அதன் 15ஆம் பிரிவு, ஒருவர் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறலாம் என்கிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் இருப்பது தரவுப் பாதுகாப்புதான். 11ஆம் பிரிவு தன் விவரங்களைக் கேட்டறியும் உரிமை பற்றியது. சட்டம் பூட்டச் சொன்னது அயலாருக்கு. இவர்கள் பூட்டுவது வீட்டுக்காரனை.

ஆள் யாரென்று உறுதியாகாதபோது மறுப்பது நியாயம். அதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை: "நீங்கள்தான் அவர் என்று உறுதியானால் சொல்கிறோம்" என்றால் போதும்.

அழைப்பு முடிந்ததும் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்.' என் கடிதங்கள் இன்னும் யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருக்கின்றன.